கொக்கி

ராத்திரி ஒன்பதே கால். ஒண்ணரை ஷிப்ட்டு.
கழுத்து ரிப் ஊசிக்கடியில ஓடிக்கிட்டே இருந்துச்சு,
தள்ளிவிட்ட கை மட்டும் எங்கியோ போயிருச்சு.
மிதிச்ச கால் மிதிச்சபடி.
துணி சுருண்டு நூல் அறுந்த சத்தத்துலதான்
சூப்பர்வைசர் திரும்பினாப்டி.
"சாந்தாமணியக்கா, பீஸ் கோணுது"ன்னாப்டி.
வாய் கோணினத அப்புறம்தான் பார்த்தாப்டி.

கோயமுத்தூர்ல பதினாறு நாள்.
சிலுவாடு காசும் அங்கியே கரைஞ்சுது.
அனுப்பர்பாளையத்து லைன்வீட்டுக்குத் திரும்பினப்ப
என்ற கூட ஒருத்தி வந்திருந்தா,
வலது தோள்ல தொங்கிக்கிட்டு,
கனமா, சில்லுனு,
கூப்பிட்டாத் திரும்பாதவ.
ஒறம்பரை வந்தவங்க ஆர்லிக்ஸ் பாட்டில வெச்சுட்டு
அவளையே பார்த்துட்டுப் போனாங்க.

நஸ்ரின்னு ஒரு பிசியோ பொண்ணு
வெடியால ஸ்கூட்டில வரும்.
"கை சாகலீங்க அக்கா.
கைக்கு வர்ற ரோட்டுல பாலம் இடிஞ்சுபோச்சு.
இனி இட்டேரி வழியாச் சுத்தித்தான் வரணும்."
"எத்தன நாளாகுங் கண்ணு?"
அது தண்ணி குடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

பனியன் வேஸ்ட்டப் பந்தாச் சுருட்டி
உள்ளங்கையில வெச்சு, அமுக்குங்கன்னுச்சு.
அமுக்கினேன்.
வயிறு அமுங்குச்சு, பல்லு அமுங்குச்சு,
பந்து அப்படியே இருந்துச்சு.

எனக்குத் தெரிஞ்சது பீஸ்ரேட்டுக் கணக்கு.
நாளைக்கு ஆயிரத்து முந்நூறு கழுத்து ஓட்டினவ.
காலண்டர் தாளுக்குப் பின்னாடி
இடது கையால, கோழி கிளறினாப்பல எழுதி வெச்சேன்:
சுண்டுவிரல், ஒரு துடிப்பு.
மூணு நாள் ஒண்ணுமில்ல.
தட்டிலிருந்து டம்ளருக்கு ஒரு பட்டன்.
அதே பட்டன் கீழ விழுந்துச்சு, அழுதேன்.
அதையும் எழுதினேன்.
சனிக்கிழம, சம்பள நாள்: பட்டன் நாலு.

எழுதாம விட்டது ஒண்ணிருக்குது.
ஜாக்கெட்டுக் கொக்கி.
நைட்டியே போட்டுக்கன்னாங்க எல்லாரும்.
நான் சேலை கட்டறவ.
சேலைய அவரே சுத்திவிட்டாரு, மூட்டை கட்டறாப்பல.
கொக்கிக்குத்தான் திணறினாரு.
இருபத்திமூணு வருசமா அவுக்கத் தெரிஞ்ச மனுசனுக்கு
மாட்டத் தெரியல.
சாயப்பட்டறையில நீலம் ஏறின நகம்.
கண்ணாடியப் போட்டு, மூச்சப் புடிச்சு,
முதல் கொக்கிய ரெண்டாவது வளையத்துல மாட்டி
எல்லாமே ஒண்ணு தள்ளிப் போச்சு.
சிரிச்சேன். பாதி மொகந்தான் சிரிச்சுது.
"மீதி எப்பச் சிரிப்பே?"ன்னு கேட்டுட்டு
அவரே பொக்குனு ஆயிட்டாரு.

ஆறாம் மாசம் கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான்.
என்ற மெஷின்ல ஒரிசாப் பொண்ணு உட்கார்ந்திருக்குதாம்.
"உங்களாட்டவே கைவேகம்ங்க அக்கா."
நல்லது சொல்றதா அவனுக்கு நெனப்பு.
அன்னிக்குத் தாள்ல ஒண்ணும் எழுதல. மறுநாளும்.
நஸ்ரின் தாளப் பார்த்துச்சு, கேள்வியே கேக்கல.
பந்த எடுத்துத் தானே அமுக்கிக்கிட்டு
போற வரைக்கும் பக்கத்துல உட்கார்ந்திருந்துச்சு.

நேத்து அவரு குளிக்கப் போனாரு.
இடது கை துணியப் புடிச்சுக் குடுத்துச்சு.
வலது கை, அந்த ஒருத்தி,
கரண்ட் போன வீட்டுல தீப்பெட்டி தேடறாப்பல
தடவிக்கிட்டே வந்தா.
ஒண்ணு.
நெத்தி வேர்வை கண்ணுல எறங்குச்சு.
ரெண்டு.
மூணாவது மாட்டி, நழுவி, திரும்ப மாட்டி.
பக்கத்து வீட்டுக் குக்கர் ஏழு விசில் அடிச்சு ஓஞ்சுது.
நாலு.
கடைசிக் கொக்கி வெரலுக்குள்ள இருந்துச்சு.
போட்டிருப்பேன்.
தலை துவட்டிக்கிட்டு வந்தவரு
பழக்கத்துல கண்ணாடியத் தேடினாரு.
வெரல எடுத்துட்டு அவருக்கு நேரா நின்னேன்.
"இதொண்ணப் பாருங்க."

தாள்ல எழுதினது:
கொக்கி நாலு.
ஒண்ணு ஜாப்வொர்க்குக்கு விட்டது.